மெக்ஸ் ஃபீல்டு: ஒரு நகரம் தன் விமான நிலையத்தை ஒரே இரவில் மூட முடிந்தது எப்படி?

2003 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவை ஒட்டி சிகாகோ நகராட்சியின் புல்டோசர்கள் போலீஸ் காவலுடன் மெக்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையத்துக்குள் நுழைந்தன. விடிந்து பார்த்தால் ஓடுபாதையின் நடுவே ஆறு பெரிய எக்ஸ் வடிவப் பள்ளங்கள். அங்கே நிறுத்தியிருந்த 16 விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. அவற்றின் உரிமையாளர்களுக்குத் தகவல் இல்லை. அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கும் தகவல் இல்லை.

அதே நாட்டில், கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் தன் விமான நிலையத்தை மூட 1980களிலிருந்தே முயன்று வருகிறது. நிலம் நகரத்துடையது, நிர்வாகமும் நகரத்துடையது. அப்படியும் அதற்குக் கிடைத்த தேதி 2028 டிசம்பர் 31. அதன் பிறகுதான் மூடலாம்.

ஒரு நகரம் ஒரே இரவில் செய்ததை இன்னொரு நகரம் நாற்பது ஆண்டுகளாகச் செய்ய முடியவில்லை. இதற்கான விடை விமானங்களின் எண்ணிக்கையிலோ மக்களின் எதிர்ப்பிலோ இல்லை. பழைய மானியப் பத்திரங்களிலும் குத்தகைத் தேதிகளிலும் இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## ஜெனரல் ஏவியேஷன் என்பது எது?

டிக்கெட் வாங்கி ஏறும் விமான சேவை ஒரு வகை. ராணுவ விமானங்கள் இன்னொரு வகை. இவை இரண்டும் போக மிச்சமுள்ள கிட்டத்தட்ட எல்லாப் பறத்தலையும் சேர்த்து ஜெனரல் ஏவியேஷன் என்கிறார்கள். விமானம் ஓட்டக் கற்பவர்கள், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள், கம்பெனி ஜெட்டில் போகும் அதிகாரிகள், நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் விமானம், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் விமானம் எல்லாம் இதில் அடங்கும்.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. பயணிகள் விமான சேவை குறிப்பிடத்தக்க அளவில் நடப்பது அவற்றில் பத்தில் ஒரு பங்கில்தான். மற்றவை பெரும்பாலும் ஒரு ஓடுபாதை, சில ஹேங்கர்கள் (விமானம் நிறுத்தும் கொட்டகைகள்), ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு சிறு கட்டடம் என்ற அளவில் இருப்பவை. பலவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம்கூடக் கிடையாது. விமானிகள் ஒரே ரேடியோ அலைவரிசையில் தங்களுக்குள் பேசிக்கொண்டே இறங்குவார்கள், ஏறுவார்கள்.

## ஏரிக்கரையில் ஓர் ஓடுபாதை

மெக்ஸ் ஃபீல்டு இருந்த நிலம் இயற்கையானது இல்லை. சிகாகோவுக்காக டேனியல் பர்ன்ஹாம் 1909இல் தந்த நகரத் திட்டத்தில், மிச்சிகன் ஏரியின் கரையோரம் வரிசையாகத் தீவுகளை உருவாக்கிப் பூங்காக்களாக்கும் யோசனை இருந்தது. அதில் நார்தர்லி ஐலண்ட் என்ற ஒன்று மட்டும் 1920களில் மண் கொட்டி உருவாக்கப்பட்டது. 91 ஏக்கர். 1933-34இல் நடந்த உலகக் கண்காட்சியின் ஒரு பகுதி இங்கே அமைந்தது. பூங்காவுக்காக உருவான நிலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நகராட்சி வைத்த வாதத்தின் வேர் அது.

விமான நிலையம் 1948 டிசம்பர் 10 அன்று திறந்தது. விமானப் போக்குவரத்துக்காகப் பாடுபட்ட பத்திரிகை அதிபர் மெரில் மெக்ஸின் பெயர் மறு ஆண்டு சூட்டப்பட்டது. ஓடுபாதையின் நீளம் சுமார் 3,900 அடி, அதாவது 1.2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய பயணிகள் விமானத்துக்கு இது போதாது. சிறு விமானங்கள், டர்போப்ராப்புகள் (டர்பைன் இன்ஜினால் சுழலும் விசிறி கொண்டவை), சின்ன ஜெட்டுகள் வந்து போகலாம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் படகுத்துறை, அதைத் தாண்டினால் சிகாகோவின் வானளாவிகள். இறங்கியவர் டாக்சி பிடித்தால் சில நிமிடங்களில் நகரத்தின் மையத்தில் இருப்பார். 1955இல் ஒற்றை ஓடுபாதை கொண்ட நிலையங்களில் அமெரிக்காவிலேயே அதிக நெரிசல் கொண்டது இதுதான். மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் சிகாகோவுக்கும் இடையே போய்வந்த இல்லினாய் அரசு அதிகாரிகள் இதை நிறையவே பயன்படுத்தினார்கள்.

அந்த நகரத்துக்குப் போகாதவர்கள் பலருக்கும் இந்த இடம் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளைத் திறந்தால் விமானம் மெக்ஸ் ஃபீல்டில்தான் நிற்கும். தொண்ணூறுகளில் கணினியில் விமானம் ஓட்டிப் பார்த்த தலைமுறைக்கு முதல் ஓடுபாதை இதுவே. ஒரு குட்டி விமான நிலையம் மூடப்பட்டதற்கு உலகம் முழுக்க வருத்தம் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

## நகரத்துக்குச் சொந்தம் என்றால் மூடிவிடலாமா?

பொதுவாக முடியாது. அமெரிக்காவில் ஒரு நகராட்சி தன் விமான நிலையத்தை மூட நினைத்தால் கீழ்க்கண்டவற்றில் முதல் மூன்று கட்டுகளில் ஒன்றாவது குறுக்கே நிற்கும். நான்காவது, அவற்றை அவிழ்க்கும் வழி.

1. மானிய நிபந்தனை. ஓடுபாதையைப் புதுப்பிக்க, விளக்கு போட, வேலி கட்ட எஃப்.ஏ.ஏ. மானியம் தருகிறது. சிறிய நிலையங்களுக்குச் செலவில் பொதுவாக 90 சதவீதம் வரை கிடைக்கும். பணத்தை வாங்கும்போது ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்: நிலையத்தைத் திறந்து வைத்திருப்போம், யாருக்கும் பாரபட்சம் காட்ட மாட்டோம், வருமானத்தை வேறு செலவுக்கு எடுக்க மாட்டோம். வழக்கமான காலம் 20 ஆண்டுகள். அரசு மானியத்தில் கட்டிய வீட்டை இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்று நம் ஊரில் நிபந்தனை இருப்பதைப் போலத்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு புதிய மானியத்தோடும் 20 ஆண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும்.

2. நிலத்துக்கான மானியம். மத்திய அரசின் பணத்தில் நிலமே வாங்கியிருந்தால் 20 ஆண்டு வரம்பு கிடையாது. கட்டுப்பாடு காலவரையின்றித் தொடரும்.

3. போர்க்கால நிலம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் பயன்படுத்திய பல விமான தளங்கள், போர் முடிந்ததும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. என்றென்றும் விமான நிலையமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய ஒப்பந்தங்களின் நிபந்தனை.

4. நாடாளுமன்றம் அல்லது எஃப்.ஏ.ஏ. தரும் விடுவிப்பு. மேலே சொன்ன கட்டுகளை அவிழ்க்க எஃப்.ஏ.ஏ. சம்மதிக்க வேண்டும். மாற்று நிலையம் இல்லாவிட்டால் அது எளிதில் சம்மதிக்காது. இல்லையென்றால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட வேண்டும். கலிஃபோர்னியாவின் ரியால்டோ நகர நிலையத்துக்காக 2005இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. நிலையம் மூடப்பட்டது 2014இல். மிசூரியின் செயின்ட் கிளேர் நிலையத்துக்கு 2014இல் சட்டம் வந்து 2017இல் மூடினார்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன விதி மிச்சமிருக்கிறது: மூடுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே எஃப்.ஏ.ஏ.வுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரைபடத்தைத் திருத்த வேண்டும், விமானிகளுக்கு அறிவிப்பு போக வேண்டும், அங்கே இறங்குவதாகத் திட்டமிட்டவர் வேறு இடம் பார்க்க வேண்டும். அதற்கான அவகாசம்தான் அந்த 30 நாள்.

## சிகாகோவின் கைகள் கட்டப்படாதது ஏன்?

மெக்ஸ் ஃபீல்டின் நிலம் பூங்கா வாரியத்துடையது. நகராட்சி அதை 50 ஆண்டு குத்தகைக்கு எடுத்திருந்தது. அந்தக் குத்தகை 1996 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. மானியத்தால் வந்த கட்டுப்பாடும் அந்தக் காலத்துக்குள் தீர்ந்துவிட்டது.

மேயர் ரிச்சர்ட் எம். டேலி, இந்த இடத்தைப் பூங்காவாக்கும் திட்டத்தை 1994லேயே அறிவித்திருந்தார். குத்தகை முடிந்த அன்றே நிலையத்தை மூடி, ஓடுபாதையில் எக்ஸ் குறிகளைப் பெயின்டால் வரையச் செய்தார். மாநில சட்டமன்றம் கொதித்தது. நிலையத்தை மாநிலமே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு விஷயம் போனது. கடைசியில் ஆளுநர் ஜிம் எட்கரும் மேயரும் சமாதானமாகி, 1997 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஐந்து ஆண்டு நடத்துவது என்று பேச்சு.

அந்த ஐந்து ஆண்டு முடியும் கட்டத்தில், 2001 டிசம்பரில், அடுத்த ஆளுநர் ஜார்ஜ் ரயனும் மேயரும் ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சிகாகோவின் பெரிய பயணிகள் விமான நிலையமான ஓ'ஹேரை விரிவாக்க மாநிலம் ஒத்துழைக்கும். பதிலுக்கு மற்ற பலவற்றோடு மெக்ஸ் ஃபீல்டை 2026 வரை திறந்து வைக்க நகரம் ஒப்புக்கொள்ளும். இதை மத்திய சட்டமாக்கினால்தான் பின்னாளில் யாரும் மீற முடியாது. அந்த மசோதா காங்கிரஸின் மேலவையான செனட்டில் தேறவில்லை. 2002 முடிந்தபோது மேயரைக் கட்டுப்படுத்த இருந்தது ஓர் அரசியல் வாக்குறுதி மட்டுமே.

மூன்று மாதம் கழித்துப் புல்டோசர்கள் வந்தன.

இங்கே அந்த எக்ஸ் குறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுபாதையில் பெரிய மஞ்சள் எக்ஸ் போட்டிருந்தால் மூடப்பட்டது, இறங்காதே என்று பொருள். இது விமானிகள் எல்லோருக்கும் தெரிந்த குறி. 1996இல் போட்டது பெயின்ட், அதனால் அடுத்த ஆண்டே அழித்துவிட்டுத் திறக்க முடிந்தது. 2003இல் அதே குறியைக் கான்கிரீட்டைத் தோண்டிப் போட்டார்கள். நீதிமன்றம் தடை விதித்தாலும் சட்டமன்றம் கொந்தளித்தாலும் மறுநாள் விமானம் இறங்க முடியாது. முதல் தடவை கற்ற பாடத்தை இரண்டாம் தடவை நகராட்சி இப்படித்தான் பயன்படுத்திக்கொண்டது என்றே நான் பார்க்கிறேன்.

மாட்டிக்கொண்ட விமானங்கள் பிறகு சிறப்பு அனுமதி வாங்கி, ஓடுபாதைக்கு இணையாகப் போகும் சுமார் 3,000 அடி டாக்ஸிவேயில் ஓடி மேலெழும்பிப் போயின. நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானம் ஊர்ந்து போகும் பாதையைத்தான் டாக்ஸிவே என்பார்கள். அதிலிருந்து மேலெழும்புவது வழக்கமில்லை. இனி இங்கே திரும்ப முடியாது என்று தெரிந்துதான் அந்த விமானிகள் கிளம்பினார்கள்.

## பாதுகாப்புக் காரணம் எடுபடுமா?

மேயர் சொன்ன காரணம் பயங்கரவாதம். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இராக் போர் தொடங்கிப் பத்து நாள். வானளாவிகளுக்கு இவ்வளவு பக்கத்தில் சிறு விமானங்கள் வந்துபோவது ஆபத்து, முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இழுபறியில் மாதக்கணக்கில் அந்த ஆபத்து நீடித்திருக்கும் என்றார். அந்த நாட்களின் அச்சம் உண்மையானது. ஆனால் வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, விமானம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். மிட்வே நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கேரி, டுபேஜ் போன்ற நிலையங்கள் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வருபவருக்கு இது சில நிமிடக் கூடுதல் பயணம்.

இரண்டாவது, சிறு விமானத்தின் எடை. பிரபலமான நாலு இருக்கை செஸ்னா 172, ஆட்களும் எரிபொருளும் சேர்த்தே சுமார் 1,100 கிலோ. அதாவது ஒரு சின்னக் கார் அளவு. 2002 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஒரு சிறுவன் இதே ரக விமானத்தை உயர்ந்த கட்டடத்தில் மோதினான். அவன் உயிர் போனது. கட்டடத்தில் சேதம் மோதிய இடத்தோடு நின்றது.

மூன்றாவதுதான் முக்கியம், செய்திகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான். மெக்ஸ் ஃபீல்டில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தது. கோபுரம் இயங்கும் நிலையத்தைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள் வரும் எந்த விமானமும் கோபுரத்தோடு ரேடியோ தொடர்பு கொண்ட பிறகே நுழைய வேண்டும். நிலையம் போனால் கோபுரம் போகும், கோபுரம் போனால் அந்த வான்பகுதிக்கான கட்டுப்பாடும் போகும். ஏரிக்கரை ஓரம் பறக்கும் விமானி அதுவரை ஒருவரிடம் தன்னை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். நிலையம் மூடியதும் அந்த ஒருவரும் இல்லை. பாதுகாப்புக்காக என்று சொல்லிச் செய்த வேலை, நகர மையத்தை ஒட்டிய வானத்தைக் கண்காணித்த ஒரு ஜோடிக் கண்ணைப் பிடுங்கிவிட்டது.

ஆகவே பூங்கா ஆசையே உண்மைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதுதான் 1994லிருந்து நடந்ததோடு பொருந்துகிறது. அந்த ஆசையில் தப்பில்லை. ஏரிக்கரை எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் சிகாகோவில் நூறாண்டுப் பழமை கொண்டது. சில ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஓடுபாதையைவிட லட்சக்கணக்கானோர் நடக்கும் கரை மேல் என்று ஒரு மேயர் வெளிப்படையாக வாதாடியிருக்கலாம். வென்றும் இருக்கலாம். அந்த விவாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருட்டில் தோண்டியதுதான் மன்னிக்க முடியாதது.

## அபராதம்: 33,000 டாலர்

கட்டுகள் எல்லாம் அவிழ்ந்துபோன நிலையில் எஃப்.ஏ.ஏ.வால் பிடிக்க முடிந்தது அந்த 30 நாள் அறிவிப்பு விதியை மட்டுமே. அப்போதைய அதிகபட்ச அபராதம் ஒரு நாளைக்கு 1,100 டாலர். முப்பது நாளுக்கு 33,000. சிகாகோ மாதிரி ஒரு மாநகரத்துக்கு இது சில்லறை.

அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டியதில் கூடுதலாக ஒன்று சிக்கியது. இடிப்பதற்கும் பூங்கா வேலைக்கும் விமான நிலைய வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய நிதியை எடுத்திருந்தார்கள். விமான நிலையப் பணத்தை விமான நிலையத்துக்கே செலவிட வேண்டும் என்பது மத்திய விதி. 2006 செப்டம்பரில் நகராட்சி மேல்முறையீட்டைக் கைவிட்டு, அபராதம் 33,000 டாலரோடு 10 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்தச் சம்மதித்தது.

காங்கிரஸ் 2003 டிசம்பரில் வந்த விமானப் போக்குவரத்துச் சட்டத்தில், அறிவிப்பின்றி மூடினால் நாளுக்கு 10,000 டாலர் வரை அபராதம் என்று உயர்த்தியது. அந்தப் பிரிவுக்கே மெக்ஸ் பெயர் ஒட்டிக்கொண்டது. கணக்குப் போட்டால் முப்பது நாளுக்கு 3 லட்சம் டாலர். நகர மையத்தை ஒட்டிய ஏரிக்கரை நிலத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் இன்னமும் சின்னத் தொகைதான்.

## சான்டா மோனிகாவில் நடப்பது

இந்த நிலையத்தின் வரலாறு மெக்ஸ் ஃபீல்டைவிடக் கனமானது. 1924இல் முதன்முதலாக உலகைச் சுற்றிவந்த டக்ளஸ் விமானங்கள் கிளம்பிய இடம் இது. டக்ளஸின் புகழ்பெற்ற பயணிகள் விமானமான டி.சி.-3 உருவானதும் இங்கேதான். போரின்போது மத்திய அரசு குத்தகைக்கு எடுத்தது. 1948இல் திருப்பித் தந்தபோது நிரந்தரமாக விமான நிலையமாக வைத்திருக்கும் நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிவிட்டது. மேலே பட்டியலிட்டதில் மூன்றாவது கட்டு இது.

வீடுகள் ஓடுபாதையின் இரு முனைகளையும் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. ஜெட் சத்தத்தாலும் புகையாலும் மக்கள் எதிர்த்தார்கள். 1984இல் எஃப்.ஏ.ஏ.வோடு செய்த ஒப்பந்தம் 2015 வரை என்பதால் அதோடு மூடலாம் என்று நகரம் கணக்குப் போட்டது. அங்கே மானியக் கணக்கு குறுக்கே வந்தது. 1994இல் வாங்கிய மானியத்தை 2003இல் சுமார் 2,40,000 டாலர் கூட்டித் திருத்தியிருந்தார்கள். 20 ஆண்டு 2003லிருந்தே தொடங்குகிறது, ஆகவே 2023 வரை மூட முடியாது என்றது எஃப்.ஏ.ஏ. ஒரு சிறு தொகை நகரத்தின் திட்டத்தை எட்டு ஆண்டு தள்ளியது.

2017 ஜனவரியில் இரு தரப்பும் நீதிமன்றம் வழியாக உடன்பட்டன. நகரம் உடனே ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைக்கலாம். பெரிய ஜெட்டுகள் அதனாலேயே நின்றுவிடும். 2028 முடியும் வரை நிலையம் இயங்க வேண்டும். அதன் பிறகு நகரத்தின் இஷ்டம். ஆண்டுக் கணக்கில் முன்பே தேதி தெரிவதால் விமானப் பயிற்சிப் பள்ளிகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் வேறு இடம் தேட முடிகிறது. சிகாகோவில் கிடைக்காதது இந்த அவகாசம்.

## மூடினால் யாருக்கு என்ன?

விமானங்கள் மறைந்துவிடாது, இடம் மாறும். பக்கத்து நிலையத்தில் நெரிசல் கூடும், ஹேங்கர் வாடகை ஏறும். பயிற்சிப் பள்ளி இழுத்து மூடினால் அந்த வட்டாரத்திலிருந்து புதிய விமானிகள் வருவது குறையும். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு உறுப்பைக் கொண்டுவரும் விமானம் தூரத்தில் இறங்கி, மிச்ச வழியைச் சாலையில் கடக்க வேண்டியிருக்கும்.

மறுபக்கம், சுற்றி வசிப்பவர்களின் குறை கற்பனை இல்லை. பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் பெரும்பாலும் இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் ஓடுகின்றன. ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அமெரிக்கக் காற்றில் கலக்கும் ஈயத்தில் சுமார் 70 சதவீதம் இந்த விமானங்களிலிருந்து வருவதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. பொது நலனுக்கு இது ஆபத்து என்று 2023 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம், சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ நிலையத்தில் ஈயப் பெட்ரோல் விற்பனையை 2022 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. அங்கே 2011க்குப் பிறகு மானியமே வாங்கவில்லை. கடைசி மானியக் கட்டு 2031இல் அவிழும் என்று காத்திருக்கிறது. குழந்தைகளின் உடம்பில் ஈயம் ஏறுவதை வைத்து ஒரு நிலையத்தை எதிர்ப்பவர்களை விமானத்துக்கு எதிரிகள் என்று ஒதுக்கக் கூடாது.

மெக்ஸ் ஃபீல்டு இருந்த இடத்தில் 2005இல் திறந்தவெளி இசையரங்கம் வந்தது. 2015இல் நடைபாதையும் புல்வெளியும் நீர்நிலையுமாக இயற்கைப் பூங்கா திறந்தது. பழைய விமான நிலையக் கட்டடத்தைப் பூங்கா வாரியம் பயன்படுத்திக்கொள்கிறது. ஓடுபாதை திரும்பி வராது. நகர மையத்தில் அந்த அளவு வெற்று நிலத்தை இனி எந்த நகரமும் தேடிப் பிடிக்க முடியாது.

## அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. நிலம் யாருடையது, எந்தப் பத்திரத்தின் வழியாக வந்தது? போர்க்கால ஒப்படைப்பு என்றால் உள்ளூர் வாக்கெடுப்பு மட்டும் எதையும் தீர்க்காது.
2. கடைசியாக மானியம் வாங்கியது எந்த ஆண்டு? அதோடு 20ஐக் கூட்டுங்கள். ஒரு நகரம் திடீரென்று மானியத்தை மறுக்கத் தொடங்கினால் மூடும் எண்ணம் அங்கே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.
3. திறந்து வைப்போம் என்ற வாக்குறுதி சட்டமாகிவிட்டதா, இல்லை தலைவர்களுக்கு இடையிலான பேச்சாகவே நிற்கிறதா? 2026 வரை என்று ஆளுநரும் மேயரும் கைகுலுக்கிய மெக்ஸ் ஃபீல்டு, அதற்கு 23 ஆண்டு முன்பே தோண்டப்பட்டது.